தேநீர் என் கணக்கு

பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றக்கூடாது, தம்பி. இலை வெந்துபோய்க் கசந்துவிடும். சிவப்புத் தேயிலைக்கு அப்படியில்லை, தளதளவென்று கொதிக்கிற தண்ணீர்தான் வேண்டும். உங்கள் ஆட்கள் இரண்டு கூஜாவுக்கும் ஒரே தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, அடுப்பு தெரியாத பிள்ளைகள். சொந்தக் கடையிலேயே நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

கதவை வெளியே தாழ் போட்டாயிற்று, ஜன்னலுக்கும் பலகை அடித்தாயிற்று. ஆற்றுக் காற்று அடிக்கிறது, கிழவனுக்கு ஆகாது என்று செய்திருப்பீர்கள். வாசலில் இரண்டு சிப்பாய்கள் நிற்பதைப் பார்த்தேன். ஒருவர் தேசியப் படையின் காக்கியில், இன்னொருவர் கம்யூனிஸ்ட் படையின் சாம்பல் சட்டையில். உள்ளேயும் அப்படியே, இந்தப் பெஞ்சில் நீங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த யான் சோங்லினிடம் பேச வருகிறவர்கள் எப்போதும் இரண்டு கட்சியாகத்தான் வருவார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

படகோட்டி தெங் ஆஷுன் ஏன் சுடப்பட்டான் என்று கேட்கிறீர்கள். அவன் பெண்டாட்டி யின்தி மனு கொடுத்திருக்கிறாளாம். ஜப்பான்காரன் போய்விட்டான், மேலிடத்தில் உங்கள் இரண்டு கட்சியும் மறுபடி பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கிறது, பழைய வழக்குகளைச் சேர்ந்து தீர்க்கச் சொல்லி நடுவராக வந்த அமெரிக்க வெள்ளைக்காரர் வேறு வெளியே ஜீப்பில் காத்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு இதுதான் நேரம். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஷாவோகாங் ஊரில் சண்டை வந்தால் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. இங்கே வருவார்கள். ஒரு கட்சி சிவப்புத் தேநீர் கேட்கும், மறு கட்சி பச்சைத் தேநீர் கேட்கும், நடு மேசையில் நான் இருப்பேன். தொண்டை வற்றக் கத்தி முடித்ததும் யாராவது ஒருத்தன், "சரி விடுங்க, தப்பு என் பேர்லயே இருக்கட்டும்" என்பான். உடனே இரண்டு கூஜாவையும் ஒரே கிண்ணத்தில் நான் கலந்து ஊற்றுவேன். இரண்டு பக்கமும் குடிக்கும். தப்பை ஏற்றுக்கொண்டவன் அன்று கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தேநீர்க் காசு கொடுப்பான். கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கிறவனைத்தான் ஊர் காறித் துப்பும்.

நிஜமாகத் தப்பு செய்தவன்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு தடவை ஆஷுனுடைய மச்சானின் வாத்துகள் பக்கத்து வயலில் இறங்கி நெல்லைத் தின்றுவிட்டன. மச்சான் இறங்கி வரமாட்டேன் என்கிறான், வயல்காரன் அரிவாளோடு நிற்கிறான். மூலையில் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஆஷுன் எழுந்து, "ஏம்ப்பா, அது என் வாத்துன்னு வச்சுக்கோங்க. எல்லாருக்கும் டீ என் கணக்கு" என்றான். அவனிடம் வாத்தே கிடையாது. கடை முழுக்கச் சிரிப்பு. அன்று சாயங்காலமே மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து அரிசிச் சாராயம் குடித்தார்கள். அதிலிருந்து ஊரில் அவனுக்கு வாத்துக்காரன் என்றே பெயர். கூப்பிட்டால் குவாக் குவாக் என்று பதில் சொல்வான். நல்ல மனுஷன். அதை எழுதிக்கொள்ளுங்கள், அவன் பெண்டாட்டிக்குச் சந்தோஷமாக இருக்கும்.

யுத்தம் வந்தபோது ஆற்றின் இந்தக் கரையில் தேசியப் படை, அந்தக் கரையில் கம்யூனிஸ்ட் படை, கால்வாய் முனையில் ஜப்பான்காரன். இந்தக் கரைத் தளபதியின் பெயர் துவான். அந்தக் கரைக்குப் பொறுப்பாளர் ரென். முந்தைய வருஷம் வரை ஒருவர் தலைக்கு ஒருவர் விலை வைத்திருந்தவர்கள். அவர்களை இதே மேசையில் உட்கார வைத்தது நான்தான். வரி நெல்லை எப்படிப் பிரிப்பது, எந்தப் படித்துறை யாருக்கு, ஜப்பான்காரன் வந்தால் யார் முன்னால் நிற்பது, எல்லாம் பேசி முடித்துக் கலந்த தேநீரை இரண்டு பேரும் குடித்தார்கள். எதையும் எழுதி வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் அவரவர் மேலிடத்தின் மேல் பயம். எதிரியோடு ஒத்துப்போனாய் என்று காகிதத்தைக் காட்டிக் கழுத்தைப் பிடித்துவிடுவார்கள். அதனால் எது நடந்தாலும் வாய்ச்செய்திதான், அந்த வாய் என் வாய்தான். ஆஷுனின் படகில் நான் அக்கரை போவேன், சொல்வேன், பதில் வாங்கி வருவேன். யாராவது ஆற்றைக் கடப்பதாக இருந்தால் முன்கூட்டியே என் மூலமாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வரும் படகைச் சுடலாம். இதுவும் அந்த மேசையில் பேசி முடித்ததுதான்.

அந்த நாட்களில் நான் தெருவில் நடந்தால் இரண்டு படைக்காரர்களும் ஒதுங்கி வழிவிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு ஊர் உயிரோடு இருந்ததற்கு என் முழங்கால் இரண்டும் எவ்வளவு தேய்ந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் கம்பிப் பேச்சு வந்தது. ஜப்பான்காரனிடமிருந்து பிடித்த டெலிபோன் கம்பி. ஆற்றின் குறுக்கே இழுத்து இரண்டு முகாமுக்கும் நேராகப் பேச்சு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். துவான்தான் என்னிடம் சொன்னார். "இனி உங்களுக்கு அலைச்சல் மிச்சம், யான் ஐயா. இந்த வயசுல படகுல ஏறி எறங்கி எதுக்குக் கஷ்டப்படணும்? கடையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே கால்வாய்ப் பக்கம் ஜப்பான்காரனோடு மோதல். துவானின் ஆட்களில் நிறையப் பேருக்குக் காயம். நல்ல வைத்தியர் அக்கரையில் ரென்னின் முகாமில் இருந்தார். காயம்பட்டவர்களை விடிவதற்குள் படகில் அனுப்புகிறேன், ஜப்பான் ரோந்துக்குப் பயந்து விளக்கு வைக்க முடியாது, ரென்னிடம் சொல்லிவிடுங்கள் என்று மத்தியானமே துவான் எனக்குச் செய்தி கொடுத்தார். எனக்கு அன்று முழங்கால் வலி. செய்தியை ஆஷுனிடம் சொல்லி அனுப்பினேன், அவன் மறந்துவிட்டான். அன்றைக்கு விசாரித்தபோதும் இப்படித்தான் சொன்னேன். இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு திருத்திக்கொள்வோம்.

விடியும்போது விளக்கில்லாத படகுகள் அக்கரையை நெருங்கின. போன மாதம்தான் ஜப்பான்காரன் அதே மாதிரி இருட்டுப் படகில் வந்து காவல்காரர்களைக் குத்திப்போட்டிருந்தான். காவலில் நின்றவர்கள் சுட்டார்கள். படகில் இருந்தவர்கள் எழுந்து நிற்கக்கூட முடியாதவர்கள், தம்பி. ஒருவரும் கரை ஏறவில்லை.

சூரியன் மேலே வருவதற்குள் இரண்டு கரையிலும் துப்பாக்கிகள் எதிரும் புதிருமாக நின்றன. துவான் கடைக்குள் வந்து என்னெதிரே நின்றார். ஒரு வார்த்தைதான் கேட்டார். "சொன்னீங்களா?"

வாசலில் அவருடைய ஆட்கள் நிற்கிறார்கள். பின்பக்கம் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் ரென்னின் ஆட்கள். இந்த ஊரில் எனக்குப் போக ஒரு பக்கமும் இல்லை. "ஆஷுன்கிட்ட சொல்லி அனுப்பினேனே" என்றேன். நான் யோசித்துச் சொன்னது இல்லை, வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அதை நிற்க வைக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஷுன் வீட்டுக்குப் போனேன். அவன் படகையும் அன்று இரவு படையிடம் கொடுத்திருந்தான். அது ஆளில்லாமல் இந்தக் கரையில் வந்து ஒதுங்கியிருந்தது. வாசலில் குனிந்து உட்கார்ந்து படகின் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகவில்லை.

"அண்ணே, நேத்து நீங்க அக்கரைக்கு வரவே இல்லையே" என்றான். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி.

"முழங்கால் வலிடா."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே. சாயங்காலம் முழுக்க சும்மாதான கிடந்தேன்."

"சொல்லல. சொன்னேன்னு வச்சுக்கோ."

அவன் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நான் மறந்துட்டேன்னு சொல்லணுமா?"

"நாளைக்கு மேசை போடறேன். ரெண்டு பேரும் வருவாங்க. நீ எந்திரிச்சு, தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் டீயைக் கலந்துடறேன். இல்லேன்னா இவன் அவனச் சுட, அவன் இவனச் சுட, நடுவுல ஜப்பான்காரன் நேரா உள்ள வந்து உக்காந்துக்குவான். உன் பொண்டாட்டி, ஊர்ல இருக்கிற எல்லார் பொண்டாட்டியும்… யோசிச்சுப் பாரு."

யின்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவரு ஏன் சொல்லணும்? வாத்து விவகாரமா இது? செத்தது மனுஷங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. அண்ணன் பாத்துக்குவாரு" என்றான் ஆஷுன். பிறகு என்னிடம், "டீக்காசு குடுத்தா முடிஞ்சிரும்ல?" என்று கேட்டான்.

"என்னிக்கு முடியாம இருந்திருக்கு?" என்றேன்.

பார்த்தீர்களா, அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனாகத்தான் சரி என்றான். காசு நான் தருகிறேன் என்றும் சொன்னேன். "சீ, அதெல்லாம் வேணாம்ணே, என் தப்புன்னா என் காசாத்தானே இருக்கணும்" என்று மறுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கடை நிரம்பி வழிந்தது. ஜன்னலில்கூட ஆட்கள் தொங்கினார்கள். துவானுக்குச் சிவப்பு, ரென்னுக்குப் பச்சை. ஆஷுன் கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அது வயிற்றில் பித்தான் போட முடியாமல் பிதுங்கியது. இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பதற்குள்ளேயே எழுந்துவிட்டான். எப்போதுமே அவசரக்காரன்.

"யான் அண்ணன் எங்கிட்டதான் சொன்னாரு. நான் மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றான். மடியிலிருந்த துணி முடிச்சை எடுத்து என் மேசையில் வைத்தான். "எல்லாருக்கும் டீ என் கணக்கு."

பின்னால் யாரோ ஒருவன் பழக்க தோஷத்தில் குவாக் என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

துவான் எழுந்தார். யுத்த காலத்தில் படைச் செய்தியைத் தொலைத்தவனுக்கு என்ன தண்டனை என்று ரென்னிடம் கேட்டார். எங்களிடமும் அதேதான் என்று ரென் சொன்னார். அவர் ஆஷுனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் சுடுவது என்று ஒரு சின்னத் தர்க்கம் வந்தது. ஒரு பக்கம் மட்டும் சுட்டால் மற்றப் பக்கத்துக்கு மனத்தாங்கல் இருக்கும். ஆளுக்கு ஒரு சிப்பாயாக இருக்கட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கையைப் பின்னால் கட்டும்போதுகூட அவனுக்கு விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, டீக்குத்தான் காசு குடுத்துட்டேனே" என்றான். கூட்டத்தைப் பார்த்து, "சொல்லுங்கப்பா, குடுத்துட்டேன்ல?" என்றான். ஐயோ பாவம், அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை, தம்பி.

கொல்லைப்பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது நான் கூஜாக்களைக் கையில் எடுத்திருந்தேன். கலந்து ஊற்றினேன். நிறம் நன்றாக வந்திருந்தது. துவான் குடித்தார். ரென்னும் குடித்தார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். சாம்பல் சட்டைத் தம்பி, உங்கள் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? இல்லை என்றால் முன்னால் சொன்னவற்றைத் திருத்திவிடலாம். முழங்கால் வலி அன்றைக்கு இல்லை. செய்தி வந்த மத்தியானத்திலிருந்து இருட்டும் வரை இதே நாற்காலியில்தான் இருந்தேன். படித்துறை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆஷுன் கூட இரண்டு தடவை வந்து, "போலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான். "இன்னிக்கு ஒண்ணுமில்லடா" என்றேன்.

நான் நினைத்தது என்னவென்றால், படகு போகும், அக்கரைக் காவல்காரர்கள் நிறுத்துவார்கள், கூச்சல் நடக்கும், நாலு பேரைக் கட்டிப்போடுவார்கள். இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு என் மேசைக்கு வரும். யான் ஐயா இல்லாமல் ஒரு படகு நகராது என்று அவர்களுக்கே தெரியும். கம்பியை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. சொல்லாமல் வரும் படகைச் சுடலாம் என்பதை மறந்திருந்தீர்களா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஆஷுனைச் சுடுவார்கள் என்று தெரியுமா என்றும் கேட்பீர்கள். தெரியும். அவன் வீட்டுக்கு நான் போவதற்கு முன்பே துவான் சொல்லிவிட்டார், செய்தியைத் தொலைத்தவன் எவனாக இருந்தாலும் சுட்டுவிடுவேன் என்று. அதைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். ஆஷுனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பான். பயந்தவன் மேசையில் ஒழுங்காகப் பேசமாட்டான்.

வேறு வழியில்லை, ஊருக்காகச் செய்தேன் என்று யின்தியிடம்கூடச் சொன்னேன். அவள் என் மூஞ்சியில் அடுப்புச் சாம்பலை வாரி எறிந்தாள். வேறு வழி இல்லாமல் இல்லை, இருந்தது. மேசை போட்ட அன்று விடியற்காலையில் ரென் தனியாக இங்கே வந்தார். எங்கள் ஆட்கள் பயத்தில் சுட்டுவிட்டார்கள், நானே துவானிடம் தலை குனிகிறேன், சவப்பெட்டிச் செலவும் எங்களுடையது, குற்றவாளி என்று ஒருவரும் வேண்டாம் என்றார். அதற்கு முந்தைய நாள் சாயங்காலமே துவானும் தணிந்திருந்தார். இருட்டில் நடந்த தவறு, அவர் தலை குனிந்தால் விட்டுவிடலாம் என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவரிடமும் கொண்டுபோக வேண்டியதுதான் என் வேலை. கொண்டுபோயிருந்தால் அன்றே சமாதானம். ஒரு உயிர் போயிருக்காது.

ஆனால் அதில் என் இடம் எங்கே? இரண்டு பேரும் நேருக்கு நேர் கைகுலுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அடுத்த மாதம் கம்பி வந்ததும் எப்போதாவது ஒருவர் மற்றவரிடம், "அன்னிக்கு யான் ஐயா செய்தி சொல்லவே இல்லையாமே?" என்று கேட்டிருப்பார். ஆஷுன் வேறு உயிரோடு இருந்திருப்பான். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்கிற ஆள் அவன். அதனால் இரண்டு செய்தியையும் என்னிடமே வைத்துக்கொண்டேன். துவானிடம் ரென் இறங்கி வரமாட்டேன் என்கிறார் என்றேன். ரென்னிடம் துவான் தண்டிக்க ஒரு ஆள் கேட்கிறார் என்றேன்.

கம்பி எப்படியும் வந்துவிட்டது. நடு மேசைக்கு அப்புறம் ஒருவரும் வரவில்லை. பனிக்காலம் முடிவதற்குள் இரண்டு பேரும் மறுபடி சண்டை போட்டுக்கொண்டார்கள், ஜப்பான்காரனும் வந்தான். இத்தனை வருஷமும் இந்த ஊரை விட்டுப் போகவும் முடியாமல், இந்தக் கடையில் உட்காரவும் பிடிக்காமல் கிடந்தேன். ஆற்றுப் பக்கம் போவதே இல்லை. யின்தி இப்போது அந்தப் படகை ஓட்டுகிறாள்.

இப்போது உங்கள் இரண்டு கட்சிக்கும் ஒரு கஷ்டம் இருப்பது எனக்குப் புரிகிறது. செத்தவர்கள் தேசியப் படை, சுட்டவர்கள் கம்யூனிஸ்ட் படை, ஆஷுனைச் சுட்டது இரண்டும் சேர்ந்து. யார் பேரில் எழுதினாலும் மேலே நடக்கிற பேச்சுவார்த்தை முறிந்துவிடும். எந்தக் கட்சியையும் சேராத ஒரு ஆள் முன்வந்து ஏற்றுக்கொண்டால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். வெள்ளைக்காரருக்கும் திருப்தி. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மேசை பார்த்திருக்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். எழுதிக்கொள்ளுங்கள், முழுசாக என் பேரில்.

அந்தக் கூஜாக்களைக் கொடுங்கள், நானே கலந்து தருகிறேன். ஆறிப்போயிருக்கிறது, இருந்தாலும் இரண்டு பேரும் ஒரு வாய் குடித்துவிடுங்கள், அதுதான் முறை. வாசலில் நிற்கிற அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள், காலையிலிருந்து துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாருக்கும் தேநீர் என் கணக்கு. இதோ, காசை வைத்துவிட்டேன்.

முடிந்தது இல்லையா, தம்பி? கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கொல்லைப்பக்கக் கதவை இல்லை, தெருக் கதவை.